மறைந்து நடப்பதும் மறைத்து வாழ்வதும்



விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து எவ்வாறு பிரித்தெடுப்பது என்பதே கடந்த சில ஆண்டுகளாகப் பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி. இவ்வாண்டு கோடையில் கேள்வி சற்றே மாறியது. "ஹழ்ரத், பிள்ளைகள் அஸருக்குப் பிறகு ஒரு வீட்டில் கூடிப் பலகை விளையாட்டு ஒன்று ஆடுகிறார்கள். எதிரி முகாமுக்குள் நுழைவது, கண்ணில் படாமல் நகர்வது, பாலத்துக்கு வெடி வைப்பது என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். இது கூடுமா?" என்று எங்கள் கடற்கரை ஊரில் மூன்று வீட்டார் கேட்டுவிட்டனர். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இது ஃபத்வா அன்று. மதரஸாவில் பிள்ளைகளோடு பழகும் ஒருவனின் சிந்தனை என்ற அளவில் வாசியுங்கள்.

அந்த விளையாட்டுப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தவன் என் சகோதரியின் மகன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன், விடுப்பில் வந்தபோது மிட்டாய்ப் பெட்டிகளோடு இதையும் கொண்டுவந்தான். "மாமா, தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்" என்றான். நியாயமான கோரிக்கைதான். ஒரு பொருளை அறியாமல் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆகவே இரண்டு மாலைப் பொழுதுகள் அவர்களோடு அமர்ந்து பார்த்தேன்.

எதிரெதிர் அமராத ஆட்டம்

விளையாட்டின் பெயர் வி-கமாண்டோஸ். 2016-இல் வெளியானது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படைகள் பிடித்து வைத்திருந்த ஐரோப்பிய நிலங்களுக்குள் நேச நாடுகளின் சிறு குழுக்கள் இரகசியமாக நுழைந்து செய்த பணிகளே இதன் பின்னணி. ஒருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். நம் ஊர்த் திண்ணைகளில் ஆடப்படும் தாயத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும். இதில் அவ்வாறில்லை. ஆடுவோர் அனைவரும் ஓரணி. எதிரணியை இயக்குவது விதிமுறையும் அட்டைகளும்தான். பணி முடிந்தால் அனைவருக்கும் வெற்றி, முடியாவிட்டால் அனைவருக்கும் தோல்வி.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீரனின் பொறுப்பை ஏற்கிறான். ஒவ்வொருவனுக்கும் ஒரு தனித்திறன். வீரனைக் குறிக்கும் வில்லைக்கு இரண்டு முகங்கள்: ஒரு முகம் மறைந்திருப்பவன், மறு முகம் கண்ணில் பட்டவன். மறைந்திருக்கும்வரை எதிரி அவனைக் கடந்து போய்விடுவான். துப்பாக்கிச் சத்தம் எழுந்தாலோ, எதிரி நிற்கும் இடத்தில் மறைந்து செயல்படத் தவறினாலோ வில்லை திரும்பிவிடும். அதன் பிறகு எதிரிகள் அவனை நோக்கித் திரள்வார்கள். அபாய ஒலி எழுந்துவிட்டால் துணைப்படை மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கும். ஒருவனுக்கு ஒரு சுற்றில் சில செயல்களே கிடைக்கும் என்பதால், யார் முதலில் நகர்வது, யார் காத்திருப்பது என்று நால்வரும் கலந்து பேசியே தீர வேண்டும்.

பார்த்த இரண்டு மாலைகளில் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. இந்த ஆட்டத்தில் வீரம் காட்ட முனைபவன் அனைவரையும் கெடுக்கிறான். முதல் நாள், பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் எதிரியைக் கண்டதும் சுட்டான். அவன் எண்ணப்படி அது துணிச்சல். இரண்டு சுற்றுகளில் குழு முழுவதும் சூழப்பட்டு ஆட்டம் முடிந்தது. மற்ற மூவரும் அவனை ஏசவில்லை. "அடுத்த முறை சொல்லிவிட்டுச் சுடு காக்கா" என்று மட்டும் இளையவன் ஒருவன் சொன்னான். மறுநாள் அதே பிள்ளை நான்கு சுற்றுகள் ஒரே கட்டத்தில் அசையாமல் நின்று, தோழர்கள் வெளியேறும் வழியைக் காத்தான். பொறுமையைப் பற்றி நான் வகுப்பில் பல முறை பேசியிருக்கிறேன். அசையாமல் நிற்பதும் ஒரு செயல்தான் என்று அவனுக்கு உணர்த்தியது அந்தக் கட்டம்.

பகடை பற்றிய கேள்வி

பெற்றோரின் முதல் ஐயம் நியாயமானது. மூல விதிமுறைப்படி இந்த ஆட்டத்தில் பகடை உண்டு. பகடையாட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழிகள் இருப்பதை நாம் அறிவோம். நம் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் விளையாட்டுகளை ஆராயும்போது, கணக்கிடுதலையும் சிந்தனையையும் அடிப்படையாகக் கொண்டவை, வெறும் ஊகத்தையும் தற்செயலையும் அடிப்படையாகக் கொண்டவை என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் வகையைப் பற்றி இலகுவாகவும், இரண்டாம் வகையைப் பற்றிக் கண்டிப்பாகவும் பேசியிருக்கிறார்கள். பணயம் வைத்து ஆடினால் எந்த ஆட்டமாயினும் அது சூதாகிவிடும். அதில் கருத்து வேறுபாடே இல்லை.

இதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொன்னபோது அவர்கள் வாதாடவில்லை. என் மருமகன் ஓரிரவு உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தான். பகடையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, ஒவ்வொரு வீரனுக்கும் பணி தொடங்கும்போது மூன்று சோழிகள் தந்தான். உருட்டுவதற்கு அன்று, செலவழிப்பதற்கு. எதிரி நிற்கும் கட்டத்தில் மறைந்து செயல்பட ஒரு சோழியைக் கொடுக்க வேண்டும். கையில் சோழி இல்லாதவன் கண்ணில் பட்டவனாகிவிடுவான். சண்டையிலும் அதே கணக்கு. ஆகவே எங்கே செலவழிப்பது, எதைக் கடைசிவரை பத்திரப்படுத்துவது என்ற சிந்தனை ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. மூன்று சோழிகளையும் முதல் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கைபிசைந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். மாதத்தின் முதல் வாரத்திலேயே சம்பளத்தைத் தீர்த்துவிடும் பெரியவர்களுக்கும் இந்த ஆட்டத்தைக் காட்டலாம் என்று தோன்றியது.

"அட்டை எடுப்பதில் தற்செயல் இல்லையா?" என்று ஒரு தந்தை கேட்டார். உண்டு. அட்டை என்ன கொண்டுவரும் என்பது ஆடுபவன் கையில் இல்லை. வந்ததற்கு என்ன செய்வது என்பதே அவன் கையில் இருக்கிறது. இதில் ஆலிம்களின் பார்வை வேறுபடலாம். பேணுதலுக்காக விலகியிருக்க விரும்பும் குடும்பம் விலகியிருக்கட்டும். அதைக் குறை சொல்லக் கூடாது. பகடையின்றியும், பணயமின்றியும், தொழுகை தவறாமலும் ஆடும் பிள்ளைகளைப் பாவிகளைப் போல் பார்க்கவும் கூடாது. பாங்கு ஒலித்ததும் பலகையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கண்ணாடியைத் தேடிக் கொடுத்தவர்கள்

இனி, விளையாட்டின் பின்னால் இருக்கும் உண்மை வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1940 ஜூலையில், பிரான்ஸ் வீழ்ந்த அடுத்த மாதம், பிரிட்டன் இரகசியச் செயல்களுக்கென ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. எதிரியின் பிடியிலிருந்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்குவதும், அங்குள்ள எதிர்ப்பாளர்களுக்கு உதவுவதும், தொழிற்சாலைகளையும் இரயில் பாதைகளையும் செயலிழக்கச் செய்வதும் அதன் வேலை. 1942 அக்டோபரில், இவ்வாறு நுழையும் வீரர்கள் சீருடையில் பிடிபட்டாலும் கொல்லப்பட வேண்டும் என்று ஹிட்லர் ஆணையிட்டான். பலகையில் ஒரு வில்லையை எடுத்து அப்புறம் வைப்பது எளிது. அந்த வில்லை எதைக் குறிக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நார்வே நாட்டின் வெமோர்க் என்ற இடத்தில் நடந்ததை அவர்களுக்குக் கதையாகச் சொன்னேன். அங்கே ஒரு நீர்மின் நிலையத்தை ஒட்டிய தொழிற்சாலையில் கனநீர் தயாரிக்கப்பட்டது. ஜெர்மானியரின் அணு ஆராய்ச்சிக்கு அது தேவைப்பட்டது. முதலில் நான்கு நார்வேஜியர்கள் வான்குடையில் இறங்கிப் பனிப்பாலையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக 1942 நவம்பரில் கிளைடர் விமானங்களில் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் விபத்துக்குள்ளானார்கள். விழுந்ததில் பிழைத்தவர்களும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். காத்திருந்த நால்வரும் குளிர்காலம் முழுவதையும் பாசியும் மான் இறைச்சியும் உண்டு கழித்தார்கள். பின்னர் மேலும் அறுவர் வந்து சேர்ந்தனர். 1943 பிப்ரவரி இறுதியில் ஓரிரவு ஒன்பது பேர் ஆழமான மலைப்பிளவில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, மறுபுறம் ஏறி உள்ளே நுழைந்தார்கள்.

வெடிமருந்தின் திரியைக் கொளுத்தப் போகும் நேரத்தில், அங்கிருந்த நார்வேஜியக் காவலாளி தம் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்றார். போர்க்காலத்தில் புதுக் கண்ணாடி கிடைப்பது அரிது. அந்த நெருக்கடியிலும் அவர்கள் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார்கள். வெடி வெடித்தது, கனநீர்க் கலங்கள் உடைந்தன. ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடப்படவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. அவர்களில் ஐவர் 300 கிலோமீட்டருக்கும் மேலான பனி நிலத்தைச் சறுக்குக் கட்டைகளில் கடந்து ஸ்வீடனை அடைந்தார்கள்.

"நேரமில்லாதபோது ஏன் தேடினார்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். அவர் அவர்களுடைய எதிரி அல்லர் என்பதால்தான் என்றேன். பணிக்குத் தேவையானதற்கு மேல் ஒருவரையும் துன்புறுத்தாதவனே ஒழுங்குள்ள வீரன்.

அகழ்ப்போர் இரவு

இந்த இடத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வரலாற்றை நினைவூட்டினேன். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவைச் சூழ்ந்திருந்தது. கடுங்குளிர், பசி, அச்சம். ஓரிரவு பெருங்காற்று வீசியது. எதிரி முகாமின் செய்தியை அறிந்து வருபவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை கேட்டும் எவரும் எழவில்லை. பின்னர் ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து அனுப்பினார்கள். எதிரிகளைத் தமக்கு எதிராகக் கிளப்பிவிடாமல் செய்தியை மட்டும் கொண்டுவர வேண்டும் என்பதே ஆணை.

ஹுதைஃபா (ரலி) இருளில் முகாமுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொருவரும் தம் அருகில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுமாறு அபூசுஃப்யான் சொன்னபோது, ஹுதைஃபா (ரலி) முந்திக்கொண்டு பக்கத்திலிருந்தவரின் கையைப் பற்றி, நீர் யார் என்று கேட்டுவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர்களுடைய ஆட்டத்தின் சாமர்த்தியம் அதில் இருந்ததல்லவா!

ஆனால் நான் அவர்களை நிறுத்தி வைக்க விரும்பிய இடம் வேறு. படைத்தலைவரான அபூசுஃப்யான் நெருப்பில் முதுகைக் காய்ச்சிக்கொண்டு அம்பு எட்டும் தூரத்தில் இருந்தார். ஹுதைஃபா (ரலி) வில்லில் அம்பைப் பூட்டியும்விட்டார்கள். ஒரே அம்பில் பெரும் புகழ் கிடைத்திருக்கும். ஆணை நினைவுக்கு வந்தது, அம்பை எடுத்துவிட்டார்கள். செய்தியோடு திரும்பினார்கள். அதே அபூசுஃப்யான் சில ஆண்டுகளுக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அன்றிரவு எய்யப்படாத அந்த அம்பை எண்ணிப் பாருங்கள். யாருமே பார்க்காத இடத்தில், எவருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத இருளில், ஏற்ற கட்டுப்பாட்டைக் காப்பதுதான் அமானிதம்.

ஹிஜ்ரத்தையும் அவ்வாறே நினைத்துப் பாருங்கள். படுக்கையில் அலி (ரலி). பகலில் மக்காவில் செய்தி திரட்டி இரவில் ஸவ்ர் குகைக்கு வந்து சொன்ன இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அபீபக்ர் (ரலி). உணவு கொண்டுவந்த அஸ்மா (ரலி). மந்தையை ஓட்டி வந்து பால் கொடுத்து, காலடித் தடங்களையும் அழித்த ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி). வழிகாட்டியாக வந்தவரோ அப்போது முஸ்லிமாகக்கூட இல்லாத, ஆனால் நம்பிக்கைக்குரிய அப்துல்லாஹ் இப்னு உரைகித். யத்ரிப் வடக்கே இருக்க, முதலில் தெற்கே போனார்கள். ஒவ்வொருவரும் தமக்குரிய பங்கை மட்டும் செய்தார்கள். ஒருவர் தவறியிருந்தாலும் அனைவருக்கும் ஆபத்து. அல்லாஹ்வின் பாதுகாப்பை முழுமையாக நம்பிய அந்தக் குழு, திட்டமிடுதலில் ஒரு நூலளவும் குறை வைக்கவில்லை. தவக்குல் என்றால் கைகட்டி உட்காருதல் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

நூர் இனாயத் கான்

விளையாட்டின் பின்னணியில் நம் பெண் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு பெயரும் உண்டு. 1914 புத்தாண்டு நாளில் மாஸ்கோவில் பிறந்தவர் நூர் இனாயத் கான். தந்தை பரோடாவைச் சேர்ந்த ஸூஃபி இசைஞர் இனாயத் கான், தாய் அமெரிக்கர். தந்தை வழியில் இவர் திப்பு சுல்தானின் குடும்ப மரபைச் சேர்ந்தவர். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தார் நம் வேலூர்க் கோட்டையில்தான் சிறைவைக்கப்பட்டிருந்தனர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பாரிஸ் நகரத்தை அடுத்த பகுதியில் வளர்ந்த நூர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். மென்மையான சுபாவம் கொண்டவர். 1940-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வானொலிக் கருவி இயக்கக் கற்றார். பின்னர் மேலே சொன்ன இரகசிய அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சி அளித்தவர்களில் சிலர் அவர் இவ்வேலைக்குப் பொருத்தமற்றவர் என்றே எழுதினார்கள். இரட்டை முகம் காட்டுவது தமக்குப் பிடிக்காது என்று அவரே பயிற்சியின்போது தெரிவித்திருந்தார். பொய் பேசுவதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் பொய் பேச விரும்பாத ஒரு பெண்!

1943 ஜூன் நடுவில் ஓரிரவு சிறு விமானத்தில் பிரான்சில் இறக்கப்பட்டார். சில நாட்களிலேயே அவர் சார்ந்த குழுவினர் ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். திரும்பிவிடும் வாய்ப்பு இருந்தும், செய்தி அனுப்ப வேறு ஆள் இல்லை என்பதால் பாரிஸில் தங்கினார். கனத்த கருவியோடு வீடு மாறி வீடு மாறி ஏறத்தாழ நான்கு மாதங்கள் பணி செய்தார். இறுதியில் ஒருவர் காட்டிக்கொடுத்ததால் அக்டோபரில் கைதானார். விசாரணையில் அவர் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தப்ப முயன்று பிடிபட்டபோது, இனித் தப்ப முயலமாட்டேன் என்று வாக்களிக்குமாறு கேட்டார்கள், மறுத்தார். பொய்யாக ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் முயன்றிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் மாதக்கணக்கில் விலங்கிடப்பட்டுத் தனிமையில் இருந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. பிரிட்டன் 1949-இல் ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருதை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது. இலண்டனின் கார்டன் சதுக்கத்தில் 2012 முதல் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது.

அவர் சேவை செய்தது, அவருடைய முன்னோரை வீழ்த்திய அதே ஆட்சிக்கல்லவா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இந்தியாவின் விடுதலையை விரும்பியவர்தாம் நூர்; அதை மறைக்கவும் இல்லை. ஒரு பெரும் கொடுமை கண்முன் நிற்கும்போது அதைத் தடுப்பதை முன்னே வைத்தார், அவ்வளவுதான். அவருடைய எல்லாக் கொள்கைகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. தம்மை நம்பியவர்களை மரணம் வரை காட்டிக்கொடுக்காத ஒரு நெஞ்சை மதிக்கலாம்.

வீட்டுக்குள் வேண்டாம்

இதுவரை சொன்னதைவிட இனிச் சொல்லப்போவதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

இந்த விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், வளைகுடா நாடொன்றில் சஃபரில் இருக்கும் ஒரு தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகன் என்னிடம் ஓதுபவன். பையன் சில வாரங்களாகச் சரியாகப் பேசுவதில்லை, கேட்டால் நழுவுகிறான் என்றார். "ஹழ்ரத், அவனோடு திரியும் பிள்ளைகளில் ஒருவனை நம் பக்கம் வைத்துக்கொண்டு, இவன் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான், கைப்பேசியில் என்ன பார்க்கிறான் என்று எனக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்" என்று கேட்டார். கவலையால் கேட்டார், கெட்ட எண்ணத்தால் அன்று. ஆயிரம் மைலுக்கு அப்பால் கிடக்கும் ஒரு தகப்பனின் தவிப்பை நான் அறிவேன்.

நான் மறுத்தேன். போர்க்களத்தில் எதிரியின் முகாமைப் பற்றி அறிய ஹுதைஃபாவை (ரலி) அனுப்பியது வேறு. உள்ளே இருப்போர்மீது ஒற்று வைப்பது வேறு. ஒருவரையொருவர் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் ஒரே இடத்தில் தடுக்கிறது. மக்களின் மறைவான குறைகளைத் தேடிப் போனால் அவர்களைக் கெடுத்துவிடுவோம் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உண்டு. அந்தத் தந்தையிடம் சொன்னேன்: "காக்கா, உங்கள் மகனைக் கண்காணிக்க அவன் தோழனை நான் நியமித்தால் இரண்டு பிள்ளைகளைக் கெடுத்தவனாவேன். ஒருவன் நம்பிக்கை இழப்பான். இன்னொருவன் காட்டிக்கொடுக்கப் பழகுவான். நீங்களே அழையுங்கள். கேள்வி கேட்காமல் அரை மணி நேரம் அவனைப் பேச விடுங்கள்."

அவருக்கு வருத்தம்தான். ஒரு வாரம் அழைக்கவில்லை. பிறகு ஒருநாள் பேசினார். மூன்று இரவுகள் மகனை அழைத்துச் சும்மா ஊர்க் கதை பேசினாராம். நான்காம் இரவு பையன் தானாகவே சொல்லிவிட்டான்: பள்ளியில் இரண்டு பாடங்களில் தேறவில்லை; மதிப்பெண் அட்டையை உம்மாவிடமும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தான். வாப்பா அங்கே வெயிலில் உழைத்து அனுப்பும் பணம் வீணாகிறதே என்ற வெட்கம் அவனை ஊமையாக்கியிருந்தது. ஒற்றன் வைத்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அவன் வாயால் அது வந்திருக்காது.

சிறு பிள்ளைகளின் கைப்பேசிக்கு வரம்பு வைப்பதும், எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்வதும் ஒற்று வேலை அன்று. அது பெற்றோரின் கடமை. பிள்ளைக்குத் தெரிந்தே செய்யும் கண்காணிப்புக்குப் பெயர் பாதுகாப்பு. தெரியாமல் செய்வது அவன் உள்ளத்தில் நம்மையே எதிரி முகாமாக்கிவிடும். ஆபத்து உறுதியாகத் தெரியும்போது தலையிடத்தான் வேண்டும். வெறும் சந்தேகத்துக்காக வீட்டைப் போர்க்களமாக்க வேண்டாம்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

இவ்விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பலகையில் எதிரிக்கு முகம் இல்லை, வில்லைதான். ஆட்டத்தில் போர் சுத்தமாகத் தெரிகிறது. குண்டுகள் விழும் ஊர்களில் இன்றும் பிள்ளைகள் வாழ்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது. ஆகவே அவர்களைச் சும்மா ஆட விட்டுவிடாமல், ஓர் ஆட்டத்துக்குப் பின் ஓர் உண்மை வரலாற்றைச் சொல்லுங்கள். வெமோர்க்கைச் சொல்லுங்கள், நூரைச் சொல்லுங்கள், அகழ்ப்போர் இரவைச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் யார் யாருக்காகக் காத்து நின்றார் என்று கேளுங்கள். எத்தனை எதிரியை வீழ்த்தினாய் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று: நீங்களும் ஒருமுறை உட்காருங்கள். நான்கு இடங்களில் ஒன்று வாப்பாவுக்கு, ஒன்று உம்மாவுக்கு. ஒரே அணியில் அமர்ந்து, ஒன்றாகத் தோற்றுப் பாருங்கள். பிள்ளையின் யோசனைப்படி நீங்கள் நகர்ந்து, அதனால் பணி கெட்டுப்போனாலும் சிரித்துக்கொண்டு பலகையை மீண்டும் அடுக்குங்கள். வீட்டில் தவறு செய்தால் திட்டு மட்டும் விழாது, மறு வாய்ப்பும் உண்டு என்று அவன் அங்கே கற்றுக்கொள்வான். அட்டையை ஒளித்து வைக்கும் தேவை அவனுக்கு வராது.

மறைந்து நடக்க வேண்டிய இடம் வேறு, மனம் திறக்க வேண்டிய இடம் வேறு என்பதைப் பகுத்தறியும் பிள்ளைகளாக அல்லாஹ் நம் சந்ததிகளை ஆக்கியருள்வானாக. நம் இல்லங்களை நம்பிக்கையின் இருப்பிடங்களாக ஆக்குவானாக. அடியார்களின் குறைகளை மறைப்பவனாகிய அவன் நம் அனைவரின் குறைகளையும் இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.